வைஃபை லேப்டாப்பில், எமுலேட்டருக்குள் ஓடும் விண்டோஸ் 98-க்கு இன்டர்நெட் கொடுக்க முடியுமா?

முடியும். தர்மபுரியில் எங்கள் வீட்டு மாடி அறையில், இதை எழுதும் நேரத்தில்கூட ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

"86பாக்ஸில் விண்டோஸ் 98 போட்டுவிட்டேன், நெட்வொர்க் கார்டும் தெரிகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, வைஃபையோடு பிரிட்ஜ் போட்டுப் பார்த்தும் பலனில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். (86பாக்ஸ் என்பது பழைய கம்ப்யூட்டரை அப்படியே நடித்துக் காட்டும் எமுலேட்டர் புரோகிராம்.) இதில் இரண்டு கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் கார்டு பேசுகிறதா என்பது ஒன்று. வெளியுலகம் அந்த 98-உடன் பேசத் தயாராக இருக்கிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நானும் இரண்டு வாரம் வீணடித்திருக்கிறேன். என்னைக் கரையேற்றியது என் மாமா.

மாமா 2001-ல் நாலு ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினார். நான்கு மெஷின், ஒரு டயல்-அப் மோடம். மோடம் இருக்கும் மெஷினில் விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன். அதில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் அந்த மெஷின் 192.168.0.1 என்று உட்கார்ந்துகொண்டு மற்ற மூன்றுக்கும் வழிவிடும். மெஷின்களை இணைத்தது மெல்லிய கோஆக்சியல் கேபிள். இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் செருக வேண்டும். ஒரு முனை கழன்றால் நான்கு மெஷினும் படுத்துவிடும். யாராவது காலை நீட்டி உட்கார்ந்தால் போச்சு. அதனால் மாமாவுக்கு ஒரு பழக்கம்: "நெட் வரலைண்ணா" என்று யார் கத்தினாலும் பிரவுசரைப் பார்க்கவே மாட்டார். நேராக டேபிளுக்கு அடியில் குனிவார். "வயர்ல இருந்து வா மாப்ள" என்பார் என்னிடம். அப்போது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூல் விட்டதும் அங்கேதான் கிடப்பேன்.

அந்தக் கார்டுகளில் இருந்த சிப் ரியல்டெக் 8029. இருப்பதிலேயே மலிவு. 86பாக்ஸின் நெட்வொர்க் பட்டியலில் அதே பெயரைப் பார்த்தபோது, பழைய வகுப்புத் தோழனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தது போல் இருந்தது எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏன் எமுலேட்டர், சாதாரண விர்ச்சுவல் மெஷின் போதாதா என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். விர்ச்சுவல் மெஷின் உங்கள் லேப்டாப்பின் நிஜ சிபியு-வையே பழைய சிஸ்டத்துக்குக் கொடுக்கிறது. அந்த வேகம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. விண்டோஸ் 95-ல் இதற்குப் பேர்போன உதாரணம் இருக்கிறது. நெட்வொர்க் டிரைவர்களுக்கெல்லாம் அடித்தளமான என்டிஐஎஸ் என்ற கோப்பு, தொடங்கும்போது ஒரு லூப்பை ஓடவிட்டு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும். சிபியு 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அளந்த நேரம் பூஜ்யம் என்று வரும். பூஜ்யத்தால் வகுக்கப் போய், 'விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்' என்று விழுந்துவிடும். எழுதியவர்கள் காலத்தில் அப்படி ஒரு வேகத்தை யார் நினைத்தார்கள்? எமுலேட்டர் ஒரு குறிப்பிட்ட மதர்போர்டு, அதன் பயாஸ், அதன் சிபியு வேகம் எல்லாவற்றையும் அப்படியே நடித்துக் காட்டுவதால் இந்தப் பிரச்சினையே எழாது. விலை என்னவென்றால், உங்கள் லேப்டாப் மூச்சு வாங்கும். நான் பென்டியம் எம்எம்எக்ஸ் 166 வைத்திருக்கிறேன். 86பாக்ஸ் விண்டோவின் தலைப்பில் வேகம் 100 சதவீதம் என்று காட்டும். சார்ஜரைப் பிடுங்கினால் என் லேப்டாப் சிக்கன மோடுக்குப் போய் அது 60-க்கு இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆகும் இசைகூட ஒப்பாரி மாதிரி இழுக்கும்.

மெமரி 64 எம்பி போதும். ஆசைப்பட்டு 1 ஜிபி, 2 ஜிபி கொடுக்காதீர்கள். 512 எம்பி தாண்டினாலே 98 தடுமாற ஆரம்பித்துவிடும். இன்ஸ்டால் செய்யும் முன் சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை சி டிரைவுக்குள் காப்பி செய்து, அங்கிருந்தே செட்டப்பை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க்கில் எதைத் தொட்டாலும் "சிடியைப் போடு" என்று நச்சரிக்கும். சிடி எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலை 11-ஓடு 98-க்கு ஆதரவை நிறுத்திவிட்டது, ஆனால் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. என்னிடம் இருப்பது மாமா அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிய சிடி.

இப்போது நான் செய்த முட்டாள்தனம். பழைய மெஷின் என்றால் பழைய கார்டுதானே பொருத்தம் என்று நினைத்து, ரியல்டெக்கை விட்டுவிட்டு, ஐஎஸ்ஏ என்ற பழைய ஸ்லாட்டில் செருகும் வகை என்இ2000 கார்டைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸில் அதற்கு டிரைவர் இருக்கிறது. கம்பெனிப் பட்டியலில் நாவெல் ஆன்தம் என்பதற்குக் கீழே தேட வேண்டும். எல்லாம் சரியாகவே நடந்தது. ரீபூட் செய்தால் டிவைஸ் மேனேஜரில் கார்டின்மேல் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி. ஐபி முகவரி 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒன்று. டிரைவரைக் கழற்றி மாட்டினேன். எமுலேட்டரையே அழித்து மறுபடி போட்டேன். லேப்டாப் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன். வீட்டு ரவுட்டரைத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு போன் போட்டேன். அவர் சென்டரை எப்போதோ மூடிவிட்டார். இப்போது பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டிருக்கிறார்.

"கார்டுக்கு எந்த ஐஆர்க்யூ குடுத்த?"

"அஞ்சு மாமா."

"சவுண்டு கார்டு போட்டிருக்கியா?"

"சவுண்ட் பிளாஸ்டர் 16 போட்டிருக்கேன்."

"அவன் அஞ்சுலதானடா குந்திக்கிட்டிருப்பான். மூணும் வேணாம், அது ரெண்டாவது காம் போர்ட்டோடது. பத்து குடு."

ஐஆர்க்யூ என்பது ஒவ்வொரு கார்டும் சிபியு-வைக் கூப்பிடும் எண்; இரண்டு கார்டு ஒரே எண்ணில் உட்கார்ந்தால் மோதிக்கொள்ளும். பத்து கொடுத்தேன். 86பாக்ஸ் செட்டிங்கில் ஒரு முறை, டிவைஸ் மேனேஜரில் ஒரு முறை. இரண்டிலும் மாற்ற வேண்டும், ஏனென்றால் இது தானாகக் கண்டுபிடிக்கிற வகைக் கார்டு இல்லை. ஆச்சரியக்குறி போய்விட்டது. இருபது வருஷத்துக்கு மேல் தொடாத விஷயம், தோட்டத்தில் நின்றுகொண்டு போனில் சொல்கிறார் மனிதர்.

உங்களுக்கு இந்த வேதனை தேவையில்லை. ரியல்டெக் 8029-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிசிஐ வகை. ஐஆர்க்யூ-வை பயாஸே பங்கிட்டுக் கொடுக்கும், 98-லேயே டிரைவரும் இருக்கிறது.

அடுத்தது உங்கள் பிரிட்ஜ். அதை மறந்துவிடுங்கள். பிரிட்ஜ் போட்டால் 98 தன்னுடைய சொந்த மேக் முகவரியோடு, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணோடு, பாக்கெட் அனுப்பும். வைஃபை ரவுட்டர் தன்னிடம் கைகுலுக்கி உள்ளே வந்த முகவரிகளுக்கு மட்டுமே காது கொடுக்கும். உங்கள் லேப்டாப்பின் வைஃபை சிப் ஒரே முகவரியில்தான் கைகுலுக்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னொருவன் ஒளிந்துகொண்டு பேசினால் ரவுட்டர் அந்தப் பேச்சைக் குப்பையில் போட்டுவிடும். கேபிள் செருகிய லேப்டாப்பில் இது பெரும்பாலும் வேலை செய்யும் என்பதால்தான் எல்லா வழிகாட்டிகளும் பிரிட்ஜ் போடச் சொல்கின்றன.

ஸ்லர்ப் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். இதில் எமுலேட்டரே ஒரு குட்டி ரவுட்டராக நடிக்கும். 98 அனுப்புவதை எல்லாம் லேப்டாப்பில் ஓடும் ஒரு சாதாரண புரோகிராம் கேட்பது போல மாற்றி வெளியே விடும். வைஃபை ரவுட்டருக்கு 98 என்ற ஒன்று இருப்பதே தெரியாது. உள்ளே எண்கள் இப்படி இருக்கும்: 98-க்கு 10.0.2.15, வெளியே போகும் வாசலான கேட்வே 10.0.2.2, பெயர் தேடித் தரும் டிஎன்எஸ் 10.0.2.3. கண்ட்ரோல் பேனலில் டிசிபி ஐபியை "தானாக முகவரி பெறு" என்றே விட்டுவிட்டால் போதும்.

வந்ததா என்று பார்க்க ரன்னில் வின்ஐபிசிஎஃப்ஜி என்று தட்டுங்கள். இங்கே ஒரு குழி. திறந்ததும் அது காட்டுவது பெரும்பாலும் பிபிபி அடாப்டர், அதாவது டயல்-அப்புக்கானது. அதில் எல்லாம் பூஜ்யமாக இருக்கும். பயந்துவிடாமல் மேலே உள்ள பட்டியலில் ரியல்டெக்கைத் தேர்ந்தெடுங்கள். 10.0.2.15 என்று இருந்தால் கார்டு வேலை முடிந்தது. 169.254 என்று இருந்தால், யாரும் முகவரி தராததால் 98 தானே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டது என்று அர்த்தம்.

இன்னொரு குழியும் உண்டு, இதில் நான் ஒரு முழு ராத்திரி கிடந்தேன். ஸ்லர்ப்பில் வெளியுலகுக்கு பிங், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை, பெரும்பாலும் போகாது. 10.0.2.2-க்கு பிங் அடித்தால் பதில் வரும், ஏனென்றால் பதில் சொல்வது எமுலேட்டரே. வெளியே எந்த முகவரிக்கு அடித்தாலும் "டைம்டு அவுட்". நெட் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏதாவது ஒரு வெப்சைட் பெயருக்கு பிங் அடியுங்கள். பதில் வராவிட்டாலும் முதல் வரியில் அந்தப் பெயருக்கான எண் முகவரி தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் டிஎன்எஸ் வரை போய் வந்திருக்கிறது, அது போதும்.

அப்புறம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ஐத் திறந்தால் ஒரு விசார்ட் குறுக்கே வந்து மோடம் எங்கே என்று கேட்கும். லோக்கல் ஏரியா நெட்வொர்க் என்று சொல்லித் தாண்டுங்கள். "ஒருபோதும் டயல் செய்யாதே" என்பதையும் அழுத்திவிடுங்கள்.

இப்போது முகவரிப் பட்டையில் செர்ன் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும், உலகின் முதல் வெப்சைட்டின் பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். எச்டிடிபி மட்டும் போட வேண்டும், எஸ் வேண்டாம். எனக்கு அது ஒரே நொடியில் திறந்தது. வெள்ளைப் பின்னணி, நீல லிங்க், படம் கிடையாது. 98-க்குப் பிடித்த சாப்பாடு. அடுத்து நான் தினமும் போகும் செய்தித் தளத்தைத் தட்டினேன். "பக்கத்தைக் காட்ட முடியவில்லை."

இங்கேதான் இரண்டாவது கோளாறு. 98-இன் மேல் எந்தத் தப்பும் இல்லை. இன்றைய வெப்சைட்டுகள் ஏறக்குறைய எல்லாமே எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுப் போட்ட இணைப்பு. அந்தப் பூட்டுக்குக் குறைந்தது டிஎல்எஸ் 1.2 வேண்டும். எக்ஸ்ப்ளோரர் 5-க்குத் தெரிந்தது அதற்கு முந்தைய தலைமுறை. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையுமே 2021-ல் தரநிலைக் குழு அதிகாரப்பூர்வமாக ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. சான்றிதழ்களும் காலாவதி. அத்தனையும் தாண்டி உள்ளே போனாலும் ஜாவாஸ்கிரிப்ட் மூட்டையைப் பார்த்ததும் பிரவுசர் மயங்கிவிடும். 98-க்குள் உட்கார்ந்துகொண்டு இதைச் சரிசெய்ய முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய பிரவுசர்களைப் பழைய டிஎல்எல்-களோடு கட்டிப்போட்டு ஒரு வாரம் மல்லுக்கட்டுவார்கள். என் கருத்தில் அது வேண்டாத வேலை. நடுவில் ஒரு ஆளைப் போடுங்கள்.

வெப்ஒன் என்று ஒரு இலவச ப்ராக்ஸி இருக்கிறது. அதை லேப்டாப்பில், அதாவது எமுலேட்டருக்கு வெளியே ஓடவிடுங்கள். எக்ஸ்ப்ளோரரின் கனெக்‌ஷன் செட்டிங்கில் ப்ராக்ஸி 10.0.2.2, போர்ட் 8080. ஸ்லர்ப்பில் 10.0.2.2 என்றால் உங்கள் லேப்டாப்பேதான், அதனால் இது நேராக வெப்ஒன்னிடம் போகும். அது வெளியே புதிய பூட்டைத் திறந்து, உள்ளே பழைய எச்டிடிபியாக மாற்றிக் கொடுக்கும். எழுத்து அதிகமுள்ள பக்கங்களுக்கு அருமை. கனமான பக்கங்களுக்கு வெப் ரெண்டரிங் ப்ராக்ஸி என்று இன்னொன்று. அது நவீன பிரவுசரில் பக்கத்தைத் திறந்து, ஒரு படமாகப் பிடித்து 98-க்கு அனுப்பும். படத்தின் மேல் கிளிக் செய்தால் அந்த கிளிக்கை அங்கே கொண்டுபோய்ச் செய்யும். கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பது மாதிரிதான், ஆனால் வேலை செய்கிறது.

நியாயமாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் நான் இதற்காக இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் தமிழ்.

வெப்ஒன் வழியாக ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், வரிசையாக வெறும் கட்டங்கள். விண்டோஸ் 2000-ல்தான் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் விண்டோஸுக்குள் வந்தது. அதற்கு முன் நாம் என்ன செய்தோம் என்று நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பத்திரிகைக்கு ஒரு ஃபாண்ட், தளத்துக்கு ஒரு ஃபாண்ட். ஒவ்வொன்றையும் டவுன்லோடு செய்து போட்டால்தான் படிக்க முடியும். மாமாவின் சென்டரில் ஒரு ஃபிளாப்பியில் ஏழெட்டு எழுத்துருக்கள் இருக்கும்; தமிழ் படிக்க வருகிறவர்களுக்காகவே. அந்தக் குழப்பத்துக்கு நடுவில் மின்னஞ்சலிலேயே விவாதித்து ஆர்வலர்கள் உருவாக்கியது திஸ்கி குறியீடு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல அதில்தான் வந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. அது தனிக்கதை.

திஸ்கியில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கு, மேல் பாதி தமிழுக்கு. 98-க்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. எட்டு பிட் எண்ணுக்கு எழுத்துருவில் என்ன படம் இருக்கிறதோ அதைக் காட்டும், அவ்வளவுதான். இதனால் ஒரு விநோதம். யூனிகோடில் 'கொ' என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி. திஸ்கியில் நாம் கையால் எழுதுகிற வரிசை: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். 'கு', 'கூ' போன்றவற்றுக்குத் தனித்தனி எண்ணே உண்டு. ஆகவே யூனிகோடை திஸ்கியாக்குவது எண்ணுக்கு எண் மாற்றும் வேலை இல்லை, எழுத்துகளைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டும்.

இதற்கு நானே புரோகிராம் எழுத உட்கார்ந்து, 'ஔ' வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான் தெரிந்தது: எழுத்துக் குறியீடுகளை மாற்றித் தரும், லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்கு திஸ்கி ஏற்கெனவே தெரியும்! லினக்ஸின் அடித்தளமான ஜிலிப்சி நூலகத்தில் பல வருஷமாக இருக்கிறது. கொம்பை முன்னால் தள்ளுவது உட்பட எல்லாவற்றையும் அதுவே செய்கிறது. மாற்ற முடியாத எழுத்து வந்தால் நின்றுவிடும், எமோஜி மாதிரி. அதை விட்டுவிட்டுப் போகச் சொல்லும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. பைத்தானில் நாற்பது வரி எழுதினேன். கேட்ட பக்கத்தை எடுக்கும், விளம்பரம் ஜோடனை எல்லாவற்றையும் உரித்து எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும், ஐகான்வுக்குக் கொடுக்கும், வந்ததை 98-க்கு அனுப்பும். 98 பக்கத்தில் இணைமதி என்ற பழைய திஸ்கி எழுத்துருவைப் போட்டேன். மாமாவின் ஃபிளாப்பியில் இருந்தது. அதே இணைமதி பெயரில் ஒரு தமிழ் எழுத்துரு இன்றைய ஆப்பிள் மேக்கிலும் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் ஃபாண்ட் செட்டிங்கில் யூசர் டிஃபைன்ட் என்பதற்கு அதைத் தேர்ந்தெடுத்து, வியூ மெனுவில் என்கோடிங்கையும் யூசர் டிஃபைன்ட் ஆக்கினேன்.

கட்டங்கள் போய்த் தமிழ் வந்தது. கொஞ்சம் கறுத்த, ஓரங்கள் படிப்படியாக உடைந்த, அந்தக் காலத்து மானிட்டர் தமிழ்.

அடுத்த மாதம் மாமா டவுனுக்கு வந்தபோது காட்டினேன். சோதனைக்காக நானே ஒரு பக்கம் செய்து வைத்திருந்தேன், அன்றைய பாலக்கோடு மார்க்கெட் தக்காளி விலையைப் போட்டு. அவர் திஸ்கியையோ ப்ராக்ஸியையோ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த ரேட்டு காலையிலது, மத்தியானம் எறங்கிடுச்சு" என்றார். பிறகு நெட்வொர்க் நெய்பர்ஹுட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒத்த மெஷின்தான் இருக்கு?" என்று கேட்டார். அதற்காக க்யூஎமு என்ற இன்னொரு எமுலேட்டரில் இரண்டு 98-களைப் போட்டு, அதன் சாக்கெட் வசதியால் ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றில் அவருடைய பழைய ஷேரிங்கை அமைத்தேன். க்யூஎமு தரும் பிசிஐ வகை என்இ2000 கார்டும் அதே 8029-தான். இரண்டாவது மெஷினின் பெயர் பட்டியலில் வர பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. "அப்பவும் அப்படித்தான்" என்று மாமா பொறுமையாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

98-ஐ 49.7 நாள் நிறுத்தாமல் ஓடவிட்டால் மில்லிசெகண்ட் எண்ணும் 32 பிட் கணக்கு நிரம்பித் தொங்கிவிடும் என்று ஒரு கோளாறு உண்டே, அதைப் பார்த்திருக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். "நம்மூர் கரண்டுல அம்பது மணி நேரம் தொடர்ந்து ஓடியிருந்தாலே பெருசு" என்றார்.

வைரஸ் பயம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்லர்ப்பில் வெளியிலிருந்து யாரும் 98-ஐ நேராகத் தட்ட முடியாது, அதனால் சும்மா இருக்கும்போது ஆபத்து குறைவு. ஃபைல் ஷேரிங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே திறக்காதீர்கள். 98-இல் ஷேர் பாஸ்வேர்டின் முதல் எழுத்து ஒன்று மட்டும் தெரிந்தாலே உள்ளே நுழையலாம் என்ற ஓட்டை 2000-லேயே வெளிவந்தது. லேப்டாப்பிலிருந்து கோப்புகளைக் கொடுக்க, பைத்தானோடு வரும் சின்ன வெப் சர்வரை ஓடவிட்டு 98-ல் 10.0.2.2-ஐத் திறந்து இறக்கிக்கொள்ளுங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டு எதையும் அதற்குள் தட்டாதீர்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் ப்ராக்ஸி பூட்டைத் திறந்துதான் கொடுக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

இன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். பிரிட்ஜை எடுத்துவிட்டு, ரியல்டெக் 8029, ஸ்லர்ப் என்று மாற்றி ரீபூட் செய்து, வின்ஐபிசிஎஃப்ஜி காட்டும் எண்ணைக் கமெண்டில் போடுங்கள். 169-ல் தொடங்கினால் கார்டைப் பார்ப்போம். 10-ல் தொடங்கினால் நேராக ப்ராக்ஸிக்குப் போய்விடலாம்.